கால் வேலி, காலணா, முக்கால் ரூபாய்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற பேருந்தில் ஏறினால், உத்திரமேரூருக்குச் சற்று முன்னால் வருகிற ஊர் திருப்புலிவனம். புலிக்கால் முனிவர் என்று சொல்லப்படும் வியாக்ரபாதர் வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் வியாக்ரபுரீசுவரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. கோயில் சுவரெல்லாம் சோழர் காலக் கல்வெட்டுகள். இந்தப் பக்கத்துக் கற்களுக்கு எழுத்து என்றால் அவ்வளவு ஆசை!

இன்னும் கொஞ்ச தூரம் போனால் உத்திரமேரூர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு உலகப் புகழ் பெற்றது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுக்கும் குடவோலை முறையை விளக்கமாகச் சொல்கிறது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக்கூடாது என்ற விதியைப் படித்துவிட்டு, இன்றைக்கு இது இருந்தால் எப்படி இருக்கும் என்று நாம் எல்லோரும் சிரித்திருப்போம்.

ஆனால் அதே கல்லில் வேறு சில விதிகளும் இருக்கின்றன. நிற்பவருக்கு வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு இருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் அதன் உரையும் நன்கு கற்றவர் என்றால் அரைக்கால் வேலி போதும் என்று ஒரு சலுகை! பிற்காலக் கணக்கில் ஒரு வேலி சுமார் 6.67 ஏக்கர். அப்படியானால் கால் வேலி என்பது ஒன்றரை ஏக்கருக்கும் மேல்.

அது பிராமணர்களின் சபை. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. குறை சொல்வதில் பயனில்லை. ஆனாலும் ஒரு கேள்வி வருகிறது அல்லவா? அந்தக் கால் வேலியில் நாற்று நட்டவர், ஏர் பூட்டியவர், மனையே இல்லாதவர்... இவர்கள் பெயர் எந்தக் குடத்தில் விழுந்தது? எந்தக் குடத்திலும் இல்லை. கல்லில் பேச இடம் கிடைக்காதவர்கள் வேறு எங்கே பேசினார்கள்? அவர்களுக்காகப் பேசியவர்கள் எப்படிப் பேசினார்கள்?

அதற்கு விடை தேடினால் கேலியும் கிண்டலும் நையாண்டியும் வந்து நிற்கின்றன. வறுமையையும் அநீதியையும் நேராகச் சொன்னால் தலை போகும் என்ற நிலையில், சிரிப்பாகச் சொல்லித் தப்பித்த ஒரு நீண்ட வரிசை நம் தொண்டை மண்டலத்திலேயே இருக்கிறது. வாருங்கள், ஒவ்வொருவராகப் பார்ப்போம். பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே யார், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்?

ஆயுதக் கொட்டிலில் ஔவை

முதல் காட்சி சங்க காலம். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் காஞ்சியைச் சேர்ந்த தொண்டைமானுக்கும் போர் மூளும் நிலை. அதியமானின் தூதராக வருகிறார் ஔவையார். தொண்டைமான் அவரைத் தன் ஆயுதக் கொட்டிலுக்கு அழைத்துப் போய்ப் பெருமையாகக் காட்டுகிறான். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

ஔவை அவனைத் திட்டவில்லை, புகழ்கிறார்! உன் ஆயுதங்கள் மயில் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக்கொண்டு காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன என்கிறார். எங்கள் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன என்று முடிக்கிறார். புகழ்வது போல் இகழ்வதற்கு வஞ்சப் புகழ்ச்சி என்று இலக்கணத்தில் பெயர். பத்தாம் வகுப்பில் இதைப் படித்து மதிப்பெண் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள்.

அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அதியமானை ஔவை அறிமுகப்படுத்தும் விதம்! இருக்கும்போது பிறருக்குச் சோறு கொடுப்பவன், இல்லாதபோது இருப்பதைப் பகிர்ந்து உண்பவன், இல்லாதவர்களின் சுற்றத்துக்குத் தலைவன் என்கிறார். தொண்டைமானின் பளபளப்புக்கு எதிரே அவர் நிறுத்துவது வறியவர்களின் கூட்டத்தை. ஆயுதம் பளபளப்பது வீண், சோறு போடுவதே அரசு என்று ஒரு மன்னனின் முகத்துக்கு நேரே, அவன் கோபப்பட வழியில்லாதபடி சொல்லிவிட்டார்.

ஆனால் ஔவைக்குத் தூதர் என்ற பாதுகாப்பு இருந்தது. அவர் பின்னால் இன்னொரு மன்னன் நின்றான். இதையும் கணக்கில் எழுதிக்கொள்வோம்.

ராஜா எழுதிய நாடகம்

அடுத்தது கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். முதலாம் மகேந்திரவர்ம பல்லவன், குகைக் கோயில்கள் குடைந்த அதே மன்னன், வடமொழியில் ஒரு சிரிப்பு நாடகம் எழுதினான். பெயர் மத்தவிலாசப் பிரகசனம். மாமண்டூர் குகைக் கல்வெட்டிலும் இந்தப் பெயர் வருகிறது. 1917-இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி இதை அச்சில் பதிப்பித்தார்.

கதை காஞ்சித் தெருக்களில் நடக்கிறது. குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒரு காபாலிகன், பிச்சை வாங்கும் மண்டையோட்டைத் தொலைத்துவிடுகிறான். எதிரே வந்த புத்த பிட்சுதான் திருடினார் என்று சண்டை. அந்த பிட்சுவோ, மதுவும் மாதும் கூடாது என்று புத்தர் சொல்லியிருக்கவே மாட்டார், கிழட்டு பிட்சுகள்தான் அந்த ஏட்டை ஒளித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளும் ஆள்! பாசுபதர் ஒருவர் பஞ்சாயத்துக்கு வருகிறார். கடைசியில் பார்த்தால், மண்டையோட்டில் இருந்த கறிக்கு ஆசைப்பட்டு ஒரு நாய் அதைத் தூக்கிப் போயிருக்கிறது. நாயிடமிருந்து ஒரு பைத்தியக்காரன் பிடுங்கி வந்திருக்கிறான். இத்தனை சமயவாதிகளுக்கு நடுவில் தொலைந்த பொருளைக் கொண்டு வந்து சேர்த்தது அந்தப் பைத்தியக்காரன்தான்!

வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம் என்று பேச்சு வரும்போது காபாலிகனுடன் இருக்கும் தேவசோமா ஒன்று சொல்கிறாள். பிட்சுவிடம் விகாரங்களின் பணம் இருக்கிறது, அதிகாரிகளின் வாயை அவர் நிரப்பிவிடுவார். எங்களைப் போன்ற ஏழைகள் எதைக் கொண்டு நீதிமன்றம் போவது என்பது அவள் பேச்சின் சாரம். அந்த நீதிமன்றம் யாருடையது? நாடகம் எழுதிய மன்னனுடையதே! தன் ஆட்சியில் ஏழைக்கு நீதி கிடைக்காது என்று தானே எழுதியிருக்கிறான்.

ஆனால் மற்ற நேரமெல்லாம் அவன் யாரைப் பார்த்துச் சிரிக்கிறான்? பெரும்பாலும் பிச்சையெடுத்துத் திரிபவர்களை. லஞ்சம் வாங்கும் அதிகாரி மேடைக்கே வரவில்லை, பேச்சில் மட்டும் வந்து போகிறார். மேலே இருப்பவர் கீழே பார்த்துச் சிரிக்கும் சிரிப்பில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. நடுவில் ஒரு உண்மை நழுவி விழும், அதற்குள் அடுத்த நகைச்சுவை வந்து அதை மூடிவிடும்.

வயிறு காய்ந்த புலவர்களும் பண்ணைக்காரரும்

பிறகு ஒரு காலம் வந்தது. பெரிய அரசர்கள் போய்ப் பாளையக்காரரும் ஜமீன்தாரும் வந்தார்கள். புலவர்கள் வாசல் வாசலாக அலைந்தார்கள். தனிப்பாடல் திரட்டைப் புரட்டினால் அந்தப் பசி தெரியும். அதில் ஒரு பாட்டு ஒரு குடியானவனின் ஒரே நாளைச் சொல்கிறது. மாடு கன்று போடுகிறது, மழை கொட்டுகிறது, வீடு விழுகிறது, மனைவிக்குப் பிரசவ வலி, வேலையாள் சாகிறான், விதைக்க ஓடும் வழியில் கடன்காரர்கள் மறிக்கிறார்கள்... படிக்கிறவருக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடித்த பிறகுதான், இதில் ஒன்றுகூட நடக்காத விஷயம் இல்லையே என்று உறைக்கும்.

இராமச்சந்திர கவிராயரின் பாட்டு வேறு விதம். கல்லாதவனைக் கற்றவன் என்றாராம், போர்முகமே காணாதவனைப் புலி என்றாராம், கொடுக்காத கையை வள்ளல் கை என்றாராம். அவனிடம் இல்லாததையெல்லாம் இவர் சொன்னதால், அவனும் 'இல்லை' என்று சொல்லி அனுப்பிவிட்டானாம்! இதில் பணக்காரன் மட்டுமா அடிபடுகிறான்? காசுக்காகப் பொய் சொன்ன தன்னையும் சேர்த்துத்தான் புலவர் அடித்துக்கொள்கிறார். நேர்மையான நையாண்டி!

பள்ளு இலக்கியம் இதற்கும் ஒரு படி மேலே போனது. முக்கூடற்பள்ளு போன்ற நூல்களில் வரும் பண்ணைக்காரர் ஒரு கோமாளி. அவருடைய தோற்றமும் நடையும் கேலிக்குரியவை. கேலி செய்வது வயலில் உழைக்கும் பள்ளரும் பள்ளியரும். உலகத்தையே தலைகீழாகப் புரட்டிவிட்டது போலத் தோன்றும். ஆனால் அதே நூலில் அந்தப் பண்ணைக்காரர்தான் பள்ளனைத் தொழுக்கட்டையில் மாட்டுகிறார். கோமாளியாக இருந்தாலும் கட்டையின் சாவி அவரிடம்தான்! பாட்டில் சிரித்துக்கொள்ள அனுமதி உண்டு. பாட்டு முடிந்ததும் வயலுக்குப் போக வேண்டும்.

காலணாவுக்கு ஒரு பத்திரிகை

இந்த நிலை மாற அச்சு இயந்திரம் வர வேண்டியிருந்தது.

உத்திரமேரூர் அப்போது செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். மிராசுதாரர்களின் பிடியில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் கிடைப்பதில்லை, குடியிருக்கும் குடிசையின் மண்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்று அது காட்டியது. 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கேட்ட சொந்த மனை, 1891-லும் அவர்களுக்குக் கிடையாது! சுமார் ஆயிரம் ஆண்டுகள்! இதன் தொடர்ச்சியாக 1892-இல் வந்த அரசாணையால் ஒதுக்கப்பட்டவையே பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பேசப்பட்டவை.

அதே 1892-இல் சென்னை மகாஜன சபையில் அயோத்திதாசப் பண்டிதர், தங்கள் மக்களை சிவன், விஷ்ணு கோயில்களுக்குள் விட வேண்டும் என்று கேட்டார். உங்களுக்குத்தான் மதுரைவீரன், காட்டேரி எல்லாம் கொடுத்திருக்கிறோமே என்று பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கொடுங்கள் என்ற பொருளில் அவர் திருப்பிக் கேட்டார். ஒரே வாக்கியத்தில் பேச்சை சாமியிலிருந்து சோற்றுக்கும் படிப்புக்கும் இழுத்துவிட்டார்.

1907 ஜூன் 19-இல் அவர் தொடங்கிய வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயர்! (அன்றைய கணக்கு தெரியாதவர்களுக்கு: ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 பைசா. ஒரு பைசாவும் காலணாவும் ஒன்றுதான்.) தங்களை உயர்ந்தவர் என்று சொல்லிக்கொண்டவர்களை 'வேஷ பிராமணர்' என்றும், ஒழுக்கத்தால் உயர்ந்தவர்களை 'யதார்த்த பிராமணர்' என்றும் அவர் பிரித்து எழுதினார். அதுவரை பெயர் சூட்டும் உரிமை மேலே இருந்தவர்களிடம் இருந்தது. இப்போது கீழே இருந்து ஒருவர் பெயர் வைக்க ஆரம்பித்தார். அதுவும் காலணாவுக்கு.

முக்கால் ரூபாயும் பொன்னகரமும்

1934-இல் 'மணிக்கொடி'யில் புதுமைப்பித்தன் 'பொன்னகரம்' எழுதினார். தலைப்பைப் பார்த்துத் தங்க நகரம் என்று நினைத்துப் போனால், சாக்கடையும் கொசுவும் ஆலைக் கூலிகளும் வசிக்கும் சந்து. வண்டிக்காரக் கணவன் அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால் கஞ்சி கொடுக்க அம்மாளுவிடம் காசில்லை. இருட்டில் ஒருவனோடு போய் முக்கால் ரூபாய் சம்பாதித்து வருகிறாள். கற்பு கற்பு என்று பேசுகிறவர்களைப் பார்த்துக் கதை ஒரு வெட்டு வெட்டிவிட்டு முடிகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அம்மாளுவைப் பார்த்து ஆசிரியர் சிரிக்கவே இல்லை. வாசிப்பவரின் சட்டையைத்தான் பிடிக்கிறார். கேலி முதல் முறையாகப் புத்தகத்துக்கு வெளியே வந்து நம் நாற்காலிக்கு எதிரே நிற்கிறது. வறுமையைப் பற்றி இப்படி எழுதியவர் வறுமையோடும் காசநோயோடும் போராடி 1948-இல் 42 வயதில் இறந்து போனார் என்பது, அவர் எழுதாத இன்னொரு நையாண்டி.

காஞ்சிக்காரர் எழுதிய வாழைத்தார்

மறுபடியும் காஞ்சிக்கு வருவோம். 1909-இல் இங்கே பிறந்த அண்ணாதுரை, 1942-இல் இங்கிருந்தே 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். அவர் எழுதிய 'செவ்வாழை' சிறுகதையைப் படித்திருப்பீர்கள். படிக்காவிட்டால் இன்றே படித்துவிடுங்கள்.

செங்கோடன் கொல்லையில் ஒரு செவ்வாழைக் கன்று வளர்கிறது. குலை தள்ளுவதற்குள் குழந்தைகள் ஒவ்வொருவரும் தங்கள் பங்கைப் பேசி முடித்துவிட்டார்கள். பழுக்கும் நேரத்தில் பண்ணை வீட்டுப் பூஜைக்கு என்று தார் போய்விடுகிறது. மகன் கரியன் ஒரு காலணாவை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறான். பழம் ஓர் அணா என்று கடைக்காரன் விரட்டிவிடுகிறான். தன் அப்பா வளர்த்த மரத்தின் பழத்தை வாங்க அந்தப் பையனிடம் மூன்று காலணா குறைகிறது!

கடைசியில் அந்த மரம் ஒரு கிழவியின் பாடைக்குப் போகிறது. எங்கள் வீட்டுச் செவ்வாழை என்று கரியன் பெருமையாகச் சொல்கிறான். அண்ணாவின் மேடைப் பேச்சில் எவ்வளவோ அடுக்குமொழி உண்டு. ஆனால் இந்தக் கதையில் உழைத்தவனுக்கு உரியது எது என்பதை ஒரு வாழை மரம் சொல்லிவிடுகிறது.

அதே காலத்தில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 'கிந்தனார்' காலட்சேபம் நடத்தினார். 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் கதையில், சிதம்பரம் போக வேண்டுமானால் 40 வேலியை விளைவித்து முடிக்க வேண்டும் என்று நந்தனுக்கு நிபந்தனை. கலைவாணரின் கிந்தனோ சிதம்பரம் கேட்கவில்லை. ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து அதிகாரியாகத் திரும்புகிறான். 1949-இல் அண்ணா வசனம் எழுதிய 'நல்லதம்பி' படத்திலும் இது வந்தது. தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். கிந்தனைப் பார்த்து அல்ல, அவனை விரட்டியவர்களைப் பார்த்து!

சிரித்தவர் நாற்காலியில் அமர்ந்தபோது

1967-இல் அண்ணா முதல்வரானார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது தேர்தல் வாக்குறுதி. அந்த ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும்தான் நடந்தது. காஞ்சிக் கிராமங்களுக்கு வந்து சேரவில்லை. பணம் போதவில்லை. உடனே கேலி திசை மாறி அவர்கள் பக்கமே பாய்ந்தது. 1968-இல் சோ 'முகமது பின் துக்ளக்' நாடகத்தை மேடையேற்றி ஆள்பவர்களை வறுத்தெடுத்தார். அது நியாயமும்தான். நேற்று சிரித்தவர் என்பதற்காக இன்று சிரிப்பிலிருந்து விலக்கு கிடையாது.

அப்படியானால் கேலியால் என்னதான் கிடைத்தது? பஞ்சமி நிலம் அரசாணையால் வந்தது. கோயில் நுழைவு 1939-க்குப் பிறகு சட்டத்தால் வந்தது. செவ்வாழை படித்து எந்தப் பண்ணையும் தாரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இது வரவு செலவில் எழுத முடியாத கணக்கு. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். தார் போவது விதி என்று நினைத்த ஒருவன், அது கொள்ளை என்று நினைக்க ஆரம்பிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மனு, போராட்டம், சட்டம் எல்லாம். அந்த முதல் நினைப்பை உண்டாக்குவதில் நையாண்டிக்கு ஈடு வேறில்லை.

திசை மாறினால் இதே ஆயுதம் கெட்டுப்போகும். நம் சினிமா நகைச்சுவையில் கறுப்பு நிறமும் கிழிந்த சட்டையும் பிச்சைக்காரரும் எத்தனை முறை அடி வாங்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மகேந்திரவர்மனாவது நடுவில் தன் நீதிமன்றத்தைக் குத்தினான்!

குடவோலையில் தொடங்கினோம். 1996-இல் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. எதிர்ப்பால் பத்து ஆண்டுகள் அங்கே ஒழுங்கான தலைவர் அமர முடியவில்லை. தேர்தலில் யாரும் நிற்க மாட்டார்கள், நின்று வென்றவரும் உடனே ராஜினாமா செய்துவிடுவார். 2006-இல்தான் முறையான தேர்தல் நடந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தேர்தல் கண்டோம் என்று நாம் பெருமை பேசிய அதே நாட்டில்! இதை எந்த நையாண்டி எழுத்தாளரும் கற்பனை செய்யவில்லை, தானாக நடந்தது.

அடுத்த முறை உத்திரமேரூர்ப் பக்கம் போனால் அந்தக் கல்வெட்டைக் கட்டாயம் பாருங்கள். பெருமைப்படுங்கள், தவறில்லை. திரும்பி வரும்போது திருப்புலிவனத்தில் இறங்கி, வயலோரம் சற்று நில்லுங்கள். கால் வேலி இல்லாதவரின் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று யோசியுங்கள். பிறகு, கடைசியாக நீங்கள் விழுந்து விழுந்து சிரித்த நகைச்சுவையை நினைவுபடுத்திப் பாருங்கள்.

அதில் யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள்?